தேநீர் வேளைக்கு மாப்பொருள் குறைந்த மரக்கறிச் சிற்றுண்டிகள்

லிந்துலை, தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த தேயிலைப் பிரதேசமாகும். தேயிலைக்குப் புறம்பாக, இப்பகுதியின் பள்ளத்தாக்குகளிலும் லயங்களை அடுத்த சிறு நிலங்களிலும் கறட், லீக்ஸ், கோவா, போஞ்சி, நோக்கோல், முள்ளங்கி, பீட்ரூட், உருளைக்கிழங்கு முதலியன செழிப்பாக விளைகின்றன. இவை மூட்டைகளாகக் கட்டப்பட்டு லொறிகளில் ஏறி, தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் செல்கின்றன. ஆயினும், இவற்றை விளைவிப்போரின் வீடுகளில் காலைத் தேநீருக்கும் மாலைத் தேநீருக்கும் துணையாய் அமைவன பெரும்பாலும் கடையில் வாங்கிய கோதுமை மாவினாற் செய்த ரொட்டியும், பணிசும், பிஸ்கற்றும், சீனியுமே ஆகும்.

மலைநாட்டுக் குடும்பங்களிற் பலவற்றில் இறைச்சி அன்றாட உணவன்று. சம்பள நாளிலும் தீபாவளி போன்ற விசேட தினங்களிலும் அது சமைக்கப்படும். ஏனைய நாட்களில் சோறு, ரொட்டி, பருப்பு, மரக்கறி, சிறிது கருவாடு என்பவற்றோடு உணவு முடிந்துவிடும். இத்தகைய உணவில் மாப்பொருள் மிகுந்தும் புரதம் குறைந்தும் காணப்படுதல் இயல்பு. இக்குறையைச் சோற்றை நிறுத்தி நீக்க வேண்டியதில்லை. இரு வேளைச் சாப்பாட்டுக்கு இடையில் உண்ணும் சிற்றுண்டியை மாற்றியே பெரும்பகுதியை நீக்கலாம். அதற்கு வேண்டிய பொருள்களிற் பல கமக்காரரின் நிலத்திலேயே உள்ளன.

ரொட்டி நிலைத்த வரலாறு

தோட்டங்களில் முன்னர் வழங்கிய பிரதான உணவு அரிசியே. அதிற் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பல் மூலம் வந்தது. 1942 ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமாகவே அவ்வரிசி நின்றது. பங்கீட்டு முறையில் அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. விரைவில் பிசைந்து சுடலாம், வேலைத்தலத்துக்கு எடுத்துச் செல்லலாம், ஆறினும் உண்ணலாம் என்னும் வசதிகளால் ரொட்டி தோட்ட மக்களின் நிலையான உணவாயிற்று.

கடை மாவையே நம்பியிருத்தலின் ஆபத்து இருமுறை நன்கு வெளிப்பட்டது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது தோட்ட மக்கள் கடும் பட்டினிக்கு ஆளாயினர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை பல மடங்கு ஏறியது. நிலத்தில் அவரையினப் பயிர் சில வரிசையேனும் உடைய குடும்பத்துக்கு இத்தகைய காலங்களில் ஒரு பிடி தாங்கல் உண்டு.

நோயும் குறையும்

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி, 20 வயதுக்கு மேற்பட்டோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது. மறுபுறத்தில், 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதும் 17.3 வீதமாக இருக்க, தோட்டப் பகுதியில் 31.7 வீதமாக இருப்பதைக் காட்டிற்று. பெரியோரிடத்து நீரிழிவும், சிறுவரிடத்து வளர்ச்சிக் குறைவும் ஒரே லயத்தில் காணப்படுதல் முரண்போலத் தோன்றலாம். நீரிழிவுக்குப் பரம்பரை, உடற்பருமன் முதலிய காரணங்களும், வளர்ச்சிக் குறைவுக்குத் தாயின் நலம், தூய நீர் முதலிய காரணங்களும் உள. ஆயினும், வயிற்றை நிரப்பும் மாவும் சீனியும் மிகுந்து, உடலைக் கட்டும் புரதமும் உப்புச்சத்துகளும் குறைந்த உணவு இவ்விரண்டுக்கும் துணைபோகின்றது.

மாப்பொருள் என்பது யாது?

அரிசி, கோதுமை, கிழங்கு, சீனி என்பவற்றில் மிகுந்திருந்து உடலுக்கு வெப்பத்தையும் சக்தியையும் அளிப்பது மாப்பொருளாகும். இது சமிபாடடைந்து குளுக்கோசு என்னும் வெல்லமாகி இரத்தத்திற் கலக்கின்றது. வெள்ளை மாவும் சீனியும் விரைவாகக் கலப்பன. அவரையினங்களில் உள்ள மாப்பொருளோ நாரோடும் புரதத்தோடும் கலந்திருத்தலால் மெதுவாகக் கலக்கின்றது. ஆதலால், ரொட்டி உண்டவருக்கு விரைவில் மீண்டும் பசிக்க, சுண்டல் உண்டவருக்குப் பசி தாமதமாக எடுக்கின்றது.

சில உணவுகளில் அடங்கிய அளவுகள் ஏறக்குறைய வருமாறு (100 கிராமில்):

கோதுமை மா: மாப்பொருள் 76 கிராம், புரதம் 10 கிராம்
சமைத்த சோறு: மாப்பொருள் 28, புரதம் 3
அவித்த கடலை: மாப்பொருள் 27, புரதம் 9
அவித்த போஞ்சி விதை: மாப்பொருள் 23, புரதம் 9
அவித்த கௌபி: மாப்பொருள் 21, புரதம் 8
அவித்த பயறு: மாப்பொருள் 19, புரதம் 7
கச்சான்: மாப்பொருள் 16, புரதம் 25
கறட்: மாப்பொருள் 10, புரதம் 1
பச்சைப் போஞ்சிக்காய்: மாப்பொருள் 7, புரதம் 2
கோவா, நோக்கோல்: மாப்பொருள் 6, புரதம் 1 முதல் 2 வரை
தயிர்: மாப்பொருள் 5, புரதம் 3 முதல் 4 வரை
முள்ளங்கி, வெள்ளரி: மாப்பொருள் 4க்கு உட்பட்டது, புரதம் 1க்கு உட்பட்டது
கோழி முட்டை: மாப்பொருள் 1, புரதம் 12

மரக்கறிகளிலும் அவரையினங்களிலும் காட்டிய மாப்பொருளில் ஒரு பகுதி நாராகும். அது வெல்லமாக மாறி இரத்தத்திற் சேர்வதில்லை.

ஒரு நாட் கணக்கு

ஒருவர் நாளொன்றுக்கு மூன்று தேநீர் வேளைகளில், வேளைக்கு 50 கிராம் மாவினாற் செய்த ரொட்டி ஒன்றும், இரு தேக்கரண்டிச் சீனியிட்ட தேநீரும் கொள்வதாக வைப்போம். ரொட்டியில் 38 கிராமும் சீனியில் 10 கிராமுமாக வேளைக்கு 48 கிராம் மாப்பொருள் சேரும். மூன்று வேளைக்கும் 144 கிராம். இஃது அரைக் கிலோ சோற்றில் உள்ள மாப்பொருளுக்குச் சமம். பகலும் இரவும் உண்ணும் சோறு இதற்குப் புறம்பானது. மூன்று ரொட்டியிலும் கிடைக்கும் புரதமோ 15 கிராம் மட்டுமே.

அவ்விடத்தில், காலையில் 100 கிராம் போஞ்சி விதைச் சுண்டலும், பகற்பொழுதில் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வறுத்த கச்சானும், மாலையில் அவித்த முட்டை ஒன்றும் சில துண்டு நோக்கோலும், சீனியில்லாத தேநீரும் கொண்டால், மாப்பொருள் 35 கிராமை மீறாது. புரதமோ 20 கிராமுக்கு மேற்படும். வயிறும் வெறுமையாயிராது. சீனியை ஒரே நாளில் விட இயலாதவர், வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வருதல் எளிது.

வீட்டிற் செய்யத்தக்க சிற்றுண்டிகள்

போஞ்சி விதைச் சுண்டல்: முற்றிக் காய்ந்த போஞ்சி விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் நன்றாக அவிக்க வேண்டும். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ப்பூ ஒரு கரண்டி சேர்த்துப் புரட்டி எடுக்க வேண்டும். கௌபி, கடலை என்பவற்றையும் இவ்வாறே செய்யலாம்.

முளைப்பயறு: பயற்றை ஓரிரவு ஊறவைத்து ஈரத்துணியிற் கட்டி வைத்தால், தாழ்நிலத்தில் ஒரு நாளில் முளைவிடும். லிந்துலை போன்ற குளிர்ப் பகுதிகளில் இரு நாள் செல்லும். அடுப்பங்கரையை அடுத்து வைத்தால் விரையும். முளைவிட்டதைச் சிறிது நேரம் ஆவியில் அவித்து, துருவிய கறட், வெங்காயம், மிளகுத்தூள், தேசிப்புளி சேர்த்து உண்ணலாம்.

பயற்றுக் கோவா அடை: ஊறிய பயற்றை இஞ்சி, சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்து, அதே அளவு பொடியாக அரிந்த கோவாவோ லீக்சோ கலந்து, தோசைக்கல்லில் மெல்லியதாகச் சுட வேண்டும். ரொட்டியைப்போல் இதனையும் மடித்து வேலைக்கு எடுத்துச் செல்லலாம். 50 கிராம் பயற்றினாற் செய்த அடைகளில் 12 கிராம் புரதம் உண்டு. அதே நிறை மாவினாற் செய்த ரொட்டியில் 5 கிராமே உண்டு.

கச்சான்: தோலோடு உப்புநீரில் அவித்தோ, மணலில் வறுத்தோ உண்ணலாம். கொழுப்பு மிகுந்ததாகையால் ஒரு கைப்பிடி போதும். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் பருப்புகளை உண்ணலாகாது. அவற்றில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருத்தல் கூடும். வறுத்தலாலும் அந்நஞ்சு முற்றாக நீங்காது.

மரக்கறித் துண்டுகள்: இளம் நோக்கோல், முள்ளங்கி, கறட், வெள்ளரி என்பவற்றை விரலளவாக அரிந்து, மிளகும் உப்பும் இட்ட தயிரில் தோய்த்து உண்ணலாம். பசு வளர்ப்போர் வீட்டில் இதற்குத் தனிச்செலவில்லை.

உருளைக்கிழங்கு மரக்கறிக் கடையிலிருந்து வரினும், உணவுக் கணக்கில் அதனைச் சோற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும். பருப்பு வடை நல்ல பொருளாற் செய்யப்பட்டதாயினும், எண்ணெயிற் பொரிப்பதால் அன்றாடம் கொள்ளத்தக்கதன்று.

போஞ்சி விதையை அவிக்கும் முறை

அரைகுறையாக வெந்த போஞ்சி விதை, சிறப்பாகச் சிவப்பு விதை, வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் நச்சுப்பொருள் உடையது. நன்கு கொதிக்க அவித்தால் அந்நஞ்சு அழிந்துவிடும். மெல்லிய நெருப்பில் கொதியாமல் நெடுநேரம் வைத்தல் போதாது.

மலைநாட்டார் இங்கு மேலும் ஒன்றைக் கருத வேண்டும். உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கின்றது. கடற்கரையில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், 4,000 அடி உயரத்தில் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலால், லிந்துலையில் அவரையினங்கள் வேகக் கூடுதலான நேரம் வேண்டும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, கொதி வந்தபின் அரை மணிக்குக் குறையாமல் தளதளவெனக் கொதிக்கவிட்டு, பின்னர் விரலால் நசுக்கும்போது மாவாகும் வரை அவிக்க வேண்டும். அமுக்கச் சமையற்கலம் உள்ளோருக்கு விறகும் நேரமும் மீதமாகும்.

நடுகைக்கென வாங்கிய விதையில் மீதம் இருப்பினும், அதனை ஒருபோதும் சமைத்து உண்ணலாகாது. அது மருந்து பூசப்பட்டதாகும்.

வீட்டுக்கென ஒதுக்கும் வரிசைகள்

ஐவர் கொண்ட குடும்பம் வாரத்தில் இரு நாள், ஒருவருக்கு 30 கிராம் காய்ந்த விதை வீதம் சுண்டல் செய்ய, மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 4 கிலோ விதை வேண்டும். சந்தைக்குப் போஞ்சி பயிரிடும் கமக்காரர், பாத்தியின் ஒரு பக்கத்தில் சில வரிசைகளைக் காய் பறியாது முற்றவிட்டால் இத்தேவையில் பெரும்பகுதி நிறைவேறும். பயிர் தொடங்கும்போதே அவ்வரிசைகளைக் கோலிட்டு அடையாளப்படுத்துதல் நலம். அவ்வாறு செய்யாவிடின், நல்ல விலை வரும் நாளில் அவையும் மூட்டைக்குள் சென்றுவிடும்.

தேயிலை 4.5 முதல் 5.5 வரையிலான புளிப்புநிலை உடைய மண்ணை விரும்பும். போஞ்சிக்கு அப்புளிப்பு மிகை. ஆகையால், தேயிலை நிலத்தை அடுத்த பாத்திகளில், மண்ணைப் பரிசோதித்து, நடுகைக்கு இரு வாரத்துக்கு முன் டொலமைற்றுச் சுண்ணாம்பு இட்டுக் கொத்திவிட வேண்டும். நன்கு மக்கிய சாணமோ கூட்டெருவோ சேர்த்தல் அவசியம். கொடிப் போஞ்சியை வரிசைக்கு வரிசை இரண்டடியும், குழிக்குக் குழி ஓர் அடியுமாக, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றலாம். கொடி படர முன்னரே கம்பு நாட்ட வேண்டும்.

இளம் நாற்றுக்குப் பெரும் பகை போஞ்சி ஈ ஆகும். அதன் புழு தண்டைக் குடைந்து அடித்தண்டை வீங்கச் செய்ய, நாற்று மஞ்சளித்து வாடும். முளைத்து இரு வாரமளவில் அடியில் மண் அணைத்தால் தண்டிலிருந்து புதுவேர் விட்டு நாற்று தப்பக்கூடும். பாதிக்கப்பட்ட நாற்றைப் பிடுங்கி அழிக்க வேண்டும். ஒரே பாத்தியில் போஞ்சியைத் தொடர்ந்து இடாமல், லீக்ஸ், கறட், கோவா என மாற்றி வருதல் நோயைக் குறைக்கும். உறைபனி விழும் பள்ளங்களில் சனவரி, பெப்ரவரி மாதங்களைத் தவிர்க்க வேண்டும்.

காய் மஞ்சளித்து உலர்ந்து சலசலக்கும்போது கொடியோடு அறுத்து, மழை படாத தாழ்வாரத்திற் தொங்கவிட்டு, உரித்து வெயிலில் நன்கு காயவைத்து, மூடிய தகரத்தில் வைக்க வேண்டும். வேரை மண்ணிலேயே விட்டுவிடுதல் அடுத்த பயிருக்கு உதவும்.

நெற்காணியிற் பயறு

பயறும் கௌபியும் கச்சானும் குளிரை விரும்புவனவல்ல. அவை உலர் வலயத்துக்கு உரியவை. சிறுபோக நெல் அறுத்தபின் பெரும்போகம் தொடங்கும்வரை வெறுமையாய்க் கிடக்கும் வயலில், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டு இடைப்போகமாகப் பயறு விளைவிக்கலாம். இரு மாதமளவில் முற்றும் இனங்கள் இதற்கு ஏற்றவை. பயற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து வைப்பதால், அதன் வேரும் தழையும் அடுத்த நெற்பயிருக்கு உரமாகும். வயல் வரம்பில் கௌபி ஊன்றுதலும் நன்று. சோற்றுப் புரதத்தில் குறையும் கூறு பயற்றிலும், பயற்றுப் புரதத்தில் குறையும் கூறு சோற்றிலும் இருத்தலால், இரண்டையும் உண்பவர் உடல் நல்ல புரதத்தைப் பெறுகின்றது.

பச்சையாக உண்ணும் மரக்கறி

மருந்து தெளித்த பாத்தியிலிருந்து உடன் பறித்து உண்ணுதல் கூடாது. மருந்துப் போத்தலில் குறித்த நாள் எண்ணிக்கை கழிந்த பின்னரே பறிக்க வேண்டும். இவ்விதி சந்தைக்குச் செல்லும் மூட்டைக்கும் பொருந்தும். வீட்டு வரிசைகளுக்கு மருந்தில்லாது சமாளித்தல் மேலும் நலம். பறித்ததைத் தூய நீரிற் பலமுறை கழுவ வேண்டும். லயங்களுக்குக் கீழே ஓடும் ஓடை நீர் இதற்கு உதவாது.

தேநீரும் இரும்புச்சத்தும்

மரக்கறியையே பெரும்பாலும் உண்போருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச்சோகை உண்டாகும். அவரையினங்களில் இரும்பு உண்டு. ஆனால் தேயிலைச் சாயம் அதனை உடல் ஏற்கவிடாது தடுக்கின்றது. ஆதலின், தேநீரைச் சுண்டலோடு அருந்தாமல் ஒரு மணி நேரம் கழித்து அருந்துதல் நன்று. தேசிப்புளி, கொய்யாப்பழம், பச்சைக் கோவா என்பவற்றில் உள்ள விற்றமின் சீ இரும்பை உடல் ஏற்கத் துணைசெய்யும். விற்றமின் பீ 12 தாவர உணவிற் கிடையாதாகையால், முட்டை, பால், தயிர் என்பவற்றில் ஒன்றேனும் உணவில் இடம்பெற வேண்டும்.

கவனிக்க வேண்டியோர்

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் மாப்பொருளைத் திடீரெனக் குறைத்தல் ஆகாது. இரத்தத்தில் வெல்லம் அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் உண்டாகலாம். சிறுநீரக நோயாளர் அவரையினங்களை மருத்துவர் கூறும் அளவிலேயே கொள்ள வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும், கொழுந்துக்கூடை சுமந்து மலையேறுவோருக்கும் சோறும் வேண்டும். அவர்களுக்குச் சுண்டலும் முட்டையும் சோற்றுக்குப் பதிலாக அன்று, பணிசுக்கும் சீனிக்கும் பதிலாகவே கூறப்பட்டன. சிறு பிள்ளைகளுக்கு முழுக்கச்சான் தொண்டையில் அடைக்கும். அதனை அரைத்தே கொடுக்க வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. சோற்றைக் குறைக்க எண்ணுமுன், தேநீர் வேளையின் மாவையும் சீனியையும் குறைக்க.

2. நாளில் ஒரு வேளையேனும் ரொட்டிக்குப் பதிலாக அவரையினச் சிற்றுண்டி கொள்க.

3. போஞ்சி விதையை ஊறவைத்து, நீர் மாற்றி, தளதளவெனக் கொதிக்க அவிக்க. மருந்து பூசிய நடுகை விதையை உண்ணற்க.

4. மருந்து தெளித்தபின் குறித்த நாள் கழியாது எதனையும் பறிக்கற்க.

5. சிற்றுண்டிக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுக.

6. விதைக்கும் நாளிலேயே வீட்டுக்குரிய வரிசைகளைக் கோலிட்டு ஒதுக்குக.

மண் பரிசோதனை, விதையினம், பயிர்க்காலம் என்பன பற்றி அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ, கமநல சேவை நிலையத்திலோ ஆலோசனை பெறலாம்.